நாகர்கோவில் ஓரத்தில் ஓர் ஏக்கர் தோப்பு: மனையா, ஃபிளாட்டா, கடையா, தெருவா?

பெருவிளை, ஆசாரிப்பள்ளம், சுங்கான்கடை, புத்தேரி, தெரேகால்புதூர் என்று நாகர்கோவிலைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தாத்தா காலத்துத் தோப்புகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. தேங்காய் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலிக்கும் காய் விலைக்கும் கட்டுவதில்லை. வாரிசுகளில் ஒருவர் வளைகுடாவில் இருப்பார், ஒருவர் சென்னையில், ஒருவர் உள்ளூரில். கல்யாண வீட்டில் எல்லோரும் கூடினால் பேச்சு அந்தத் தோப்புக்குத்தான் வந்து நிற்கும். மனை போட்டு விற்றுவிடலாம் என்பார் ஒருவர். பில்டரிடம் கொடுத்து ஃபிளாட் கட்டலாம் என்பார் இன்னொருவர். ரோட்டோரம் கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்பது மூன்றாவது யோசனை. நான்காவது ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: அந்த இடத்தில் ஒரு தெரு போடுவது.

எது அதிகப் பணம் தரும் என்பது ஜங்ஷனுக்கு ஜங்ஷன் மாறும். அதை உள்ளூர் புரோக்கர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் பார்க்க நினைப்பது வேறு. இருபது வருடம் கழித்து அந்த ஏக்கர் எப்படிப்பட்ட இடமாக இருக்கும்? நடந்து போய்ப் பால் வாங்க முடியுமா, கிழவர்கள் சாயங்காலம் உட்கார இடம் இருக்குமா, மழைத் தண்ணீர் எங்கே போகும்? புறநகர் நகரமாக மாறுவது இப்படி ஏக்கர் ஏக்கராகத்தான். மாஸ்டர் பிளான் எழுதுகிறவர்களைவிட, தோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கிற குடும்பங்கள்தான் அதை அதிகம் தீர்மானிக்கின்றன.

முதலில் ஒன்று. நான் பேசுவது தோப்பையும் புஞ்சையையும் பற்றி மட்டும். உங்கள் நிலம் வயல் என்றால் இந்த நான்கில் எதுவும் வேண்டாம். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்த பிறகு கோதையாற்றுத் தண்ணீர் சானல்கள் வழியாகக் குளத்துக்குக் குளம், வயலுக்கு வயல் என்று இறங்கி வருகிறது. நாஞ்சில் நாட்டு வயல் நெல் விளையும் இடம் மட்டும் இல்லை, இரண்டு பருவமழையும் வாங்குகிற ஒரு மாவட்டத்தின் வடிகாலும் அதுதான். அதில் மண் அடித்து மேடாக்கினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்துவிட்டன. அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே நகரம்தான், ஆனால்

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், ஏனென்றால் பஸ்ஸில் வரும்போது அவர்கள் கண்ணில் படுவது தென்னையும் மரவள்ளியும் ரப்பரும்தான். பேரூராட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் கணக்கில் நகரம், பார்வைக்குத் தோப்பு.

இதற்குள்ளேயே இரண்டு விதம் உண்டு. கிழக்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களில் வீடுகள் தெருவாக நிற்கும். சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளையோ வடிவீஸ்வரத்தையோ போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரும் நம் வீட்டுச் சுவரும் ஒன்று. முன்னால் திண்ணை, ஓட்டுச் சாய்ப்பு, அடுத்து தெரு. வீட்டின் அகலம் குறைவு, நீளம் அதிகம். ஊர் முடிந்த இடத்தில் வயல் தொடங்கும், நடுவில் இழுபறி கிடையாது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் தெருவே இருக்காது. ஒவ்வொரு வீடும் தன் விளையின், அதாவது வீட்டுத் தோட்டத்தின், நடுவில் தனியாக நிற்கும். சுற்றிலும் பலா, தென்னை, மிளகுக்கொடி. வீட்டுக்கு வீடு ஒற்றையடிப் பாதை. மக்கள் சந்திப்பது தெருவில் இல்லை, முக்கில்: ஒரு குருசடி (சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடம்), ஒரு டீக்கடை, ஒரு பலசரக்குக் கடை, முடிந்தால் ஒரு வாசகசாலை.

இரண்டுமே வேலை செய்த அமைப்புகள். இப்போது நாம் கட்டுகிற புறநகர் இரண்டிலும் சேராது. தெருவில் உள்ளதுபோல் வீடுகள் நெருங்கிவிட்டன, விளையில் உள்ளதுபோல் தனித்தனியாகவும் நிற்கின்றன. நெருக்கத்தின் கஷ்டமும் தனிமையின் கஷ்டமும் சேர்ந்து கிடைக்கின்றன.

மனை போடுவது

சுலபமான வழி இதுதான், அதனால்தான் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட், அதில் ரோட்டுக்கு 25, 30 சென்ட் போனால் மீதி 70. ஐந்து சென்ட் வீதம் பதினான்கு மனை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, நகர் ஊரமைப்பு அனுமதி வாங்காமல் இதைச் செய்ய முடியாது. 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவும் வேண்டும். காகித வேலை அவ்வளவுதான். விற்றுக் காசைப் பிரித்துக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விடலாம்.

எனக்கு இதில் மூன்று உறுத்தல்.

ஒன்று, தண்ணீர். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. 36 அடிக்கு 60 அடி என்று வைத்துக்கொண்டால், மூலைக்கு மூலை 70 அடி, அதாவது 21 மீட்டர். குடிநீர்க் கிணற்றுக்கும் செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழிக்கும் நடுவில் 15 மீட்டராவது வேண்டும் என்பது பொதுவான அளவு. எதிரெதிர் மூலையில் வைத்தால் தப்பிக்கலாம், ஆனால் உங்கள் குழிக்கு அடுத்த சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு இருக்கும். பதினான்கு வீட்டுக்குப் பதினான்கு கிணறு, பதினான்கு குழி. புறநகரில் பாதாளச் சாக்கடை வந்து சேரும்வரை நிலத்தடியில் இதுதான் நடக்கும். கிணற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊரில் எல்லா வாசலிலும் கேன் வண்டி வந்து நிற்கத் தொடங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இரண்டு, பூங்கா. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பத்து சதவீதத்தைப் பொது இடமாக எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடம் ஒதுக்கலாம், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். யார் இடம் ஒதுக்குவார்கள்? சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் இருபது மனைப்பிரிவு வந்த பிறகும் ஒரு பிள்ளை பந்து விளையாட இடம் இருக்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய விஷயம். ரோடு. ஓர் ஏக்கர் மனைப்பிரிவில் ரோடு பஸ் ரோட்டிலிருந்து உள்ளே போய்க் கடைசி மனையின் மதிலில் முட்டி நிற்கும். அடுத்த தோப்புக்காரரும் அப்படியே செய்வார். இருபது பேர் செய்தால் இருபது முட்டுச்சந்து. மதிலுக்கு அப்பால் இருக்கிற வீட்டுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றிப் போக வேண்டும். அதனால் எல்லோரும் வண்டி எடுக்கிறார்கள். அதனால்தான் மெயின் ரோட்டில் நெரிசல். அதைத் தீர்க்க மேம்பாலம் கேட்கிறோம்.

மனை போட்டதால் இடம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. சென்னையில் மாம்பலம் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை உருவாக்கியபோது அதுவும் மனைப்பிரிவுதான். ஏரியைத் தூர்த்தது தப்பு என்பது வேறு கதை, ஒவ்வொரு பெருமழையும் அதை நினைவூட்டுகிறது. ஆனால் பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தெருக்களை ஒன்றோடொன்று சேர விட்டார்கள், பக்கத்திலேயே ரயில் நிலையமும் இருந்தது. தனி வீடுகள் நின்ற இடத்தில் கடையும் அலுவலகமும் பள்ளியும் வந்து உட்கார முடிந்தது அதனால்தான். 1968 உலக வர்த்தகக் கண்காட்சியை ஒட்டி வளர்ந்த அண்ணா நகரும் அப்படித்தான். வீடு மாறிக்கொண்டே இருக்கும், தெருவின் கோடு நூறு வருடத்துக்கு மாறாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2024 முதல் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டுகிறவருக்கு நல்லதுதான். ஆனால் ஐந்து சென்ட் மனை இந்த வரம்புக்குள் வருகிறது. ஆக, மனைப்பிரிவு வரைபடத்தில் நீங்கள் போடுகிற கோடுதான் கிட்டத்தட்டக் கடைசிக் கோடு.

ஃபிளாட்

மொத்தக் கட்டடப் பரப்பு நிலத்தின் இரண்டு மடங்கு வரை போகலாம் என்பதால், கணக்குப்படி ஓர் ஏக்கரில் 87,000 சதுர அடி வரும். பொது இடமெல்லாம் சேர்த்து ஒரு ஃபிளாட்டுக்கு 1,200 என்றால் எழுபது வீடு வரை பார்க்கலாம். 18.3 மீட்டருக்கு மேல் போனால் உயர்மாடி விதிகள் வந்துவிடும், அதனால் கீழே பார்க்கிங், மேலே நான்கைந்து மாடி என்றுதான் வரும்.

இங்கே ஃபிளாட்டை இளக்காரமாகப் பார்க்கிற பழக்கம் உண்டு. "மண் இல்லாத வீடு என்ன வீடு" என்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வயதானவர்கள் இருவர் மட்டும் வீட்டில் என்ற நிலைமை இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பத்தில் இருக்கிறது என்று பாருங்கள். லிஃப்ட், வாட்ச்மேன், ராத்திரி மூச்சுத் திணறினால் கூப்பிட எதிர் கதவு. இருபது சென்ட் நடுவே இரண்டு மாடி பங்களாவில் தனியாக இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சுற்றுவட்டாரத்தில் நிலம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கலாம்.

சிக்கல் மறுபடியும் கழிவுநீர்தான். எழுபது வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 38,000 லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் மட்டும் போதாது, அதை ஓட்ட வேண்டும். பில்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு மின்கட்டணம் யார் கட்டுவது என்ற சண்டையில் அது நின்றுபோகும். பிறகு வாய்க்கால்தான்.

கட்டட அமைப்பில் ஒரு குறை. ரோட்டைப் பார்த்து நிற்பது பார்க்கிங் தூண்களும் இருட்டும் ஒரு பெரிய கேட்டும். எழுபது குடும்பம் இருந்தும் ரோட்டில் உயிர் இருக்காது. முன்பக்க ஓரத்தில் மட்டும் நான்கு சிறு கடைகளையோ ஒரு கிளினிக்கையோ வைத்து, பார்க்கிங்கைப் பின்னால் தள்ளினால் இது மாறும். பில்டரிடம் ஒப்பந்தம் போடும்போதே கேட்க வேண்டிய விஷயம் இது. பங்கு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள்.

ரோட்டோரக் கடைகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மார்த்தாண்டம் என்ன ஆனது என்று பாருங்கள். அது தனி உள்ளாட்சிகூட இல்லை, குழித்துறை நகராட்சிக்குள் வருகிறது. ஆனால் மாவட்டத்தின் மேற்குப் பாதிக்கே கடைவீதி அதுதான். எல்லாம் ஒரே ரோட்டின் இரண்டு பக்கம். நெரிசல் தாங்காமல் பம்மத்திலிருந்து வெட்டுமணி வரை இரும்பு மேம்பாலம் கட்டினார்கள். இப்போது போகிற வண்டி மேலே போகிறது, கடைகள் கீழே நிழலில் நிற்கின்றன. ரோட்டை நம்பிக் கடை கட்டினால் ரோடு இடம் மாறும்போது கடையும் விழும். காவல்கிணறு முதல் களியக்காவிளை வரை நான்குவழிச் சாலை வருகிற காலத்தில், இது வெறும் பயமுறுத்தல் இல்லை.

அதோடு, முகப்பில் முப்பது சென்டில் கடை கட்டிவிட்டால் பின்னால் எழுபது சென்ட் அடைபட்டுப் போகும். வாடகை வரும், சந்தேகமில்லை. ஆனால் பின்நிலத்துக்கு வழி விடாமல் கட்டுவதென்றால் வேண்டாம். கட்டுகிறவர்கள் முன்னால் எட்டடித் தாழ்வாரம் ஒன்றை எல்லாக் கடைக்கும் பொதுவாக இழுத்துவிட்டால், ஜூனிலும் நவம்பரிலும் நனையாமல் நடக்கலாம். திருவிதாங்கூர் காலத்தில் வழிப்போக்கர்களுக்கென்று வழியம்பலமும் சுமைதாங்கிக் கல்லும் வைத்த ஊர் இது. இப்போது கண்ணாடி முகப்பு வைக்கிறோம், மேற்கு வெயில் உள்ளே இறங்கியதும் ஃபிளெக்ஸ் கட்டி மறைக்கிறோம்.

தெரு போடுவது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதில் உழைப்பு அதிகம், தடையும் அதிகம்.

அமைப்பு இப்படி. பஸ் ரோட்டிலிருந்து 24 அல்லது 30 அடித் தெரு ஒன்று நுழைந்து, பின்பக்க வழியிலோ அடுத்த தோப்பின் எல்லையிலோ திறந்த முனையாக முடிய வேண்டும். மதிலில் முட்டக் கூடாது. இரண்டு பக்கமும் இரண்டரை, மூன்று சென்ட் வீடுகள். தெரு முகப்பில் நான்கைந்து கடை, அதன் மேலே வீடு. நிற்கிற மாமரமோ பலாவோ இருக்கிற பக்கம் ஐந்து சென்டை மேடையோடு பொதுவில் விடுவது. ஒரே கிணறு அல்லது இரண்டு, எல்லா வீட்டுக்கும் பொதுவான கழிவுநீர்த் தொட்டி தாழ்ந்த கோடியில். கிட்டத்தட்ட இருபத்திரண்டு வீடு வரும். பதினான்கு மனையைவிட அதிகம், எழுபது ஃபிளாட்டைவிட மிகக் குறைவு.

வீட்டுக்குப் பெரிய கேட் கிடையாது. ரோட்டை விட்டு ஐந்தாறு அடியில் திண்ணை அல்லது வராந்தா, சரிவான ஓட்டுக்கூரை, உள்ளே வெளிச்சத்துக்கு ஒரு சின்ன முற்றம். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் நாலுகெட்டையும் கறுத்துப் பளபளக்கும் தரையையும் (நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய வீடு அது) வியந்துவிட்டு வந்து, தங்கள் வீட்டில் தட்டைக் கான்கிரீட் போட்டு, ஒழுகுகிறது என்று அதன்மேல் தகரக் கூரை வேய்கிறார்கள். முதலிலேயே சரிவாகப் போட்டிருக்கலாம். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கலை நிறுத்தி வைத்து நடுவில் இடைவெளி விடுகிற எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர் எழுப்பிக் கால்வாசிச் செங்கல் மிச்சம் பிடித்துக் காட்டினார். அந்த வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேட நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

இந்த யோசனை பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் புளோரிடா கடற்கரையில் சீசைட் என்ற சிற்றூரை 1980களில் கட்டடக் கலைஞர்கள் ஆண்ட்ரே டுவானி, எலிசபெத் பிளேட்டர்-ஸைபெர்க் இருவரும் வடிவமைத்தபோது இதைத்தான் செய்தார்கள்: குறுகிய தெரு, தெருவுக்கு அருகில் வராந்தா, நடந்து போகிற தூரத்தில் கடை. கார் இல்லாமல் எங்கும் போக முடியாத புறநகரைக் கட்டிச் சலித்துப்போன ஒரு நாடு, நம்மூர்த் திண்ணை போன்ற ஒன்றுக்குத் திரும்பியது. அதன் மறுபக்கமும் உண்டு. இடம் அழகானதும் விலை ஏறி, பணக்காரர்களின் விடுமுறை வீடுகளாக அவை மாறின.

நம் பழைய தெருக்களின் மறுபக்கம் அதைவிட மோசம். அவை சாதித் தெருக்கள். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்ற உரிமைக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-இல். ஆகவே தெருவின் வடிவத்தை எடுத்துக்கொள்வது வேறு, அதன் காவலை எடுத்துக்கொள்வது வேறு. இரண்டு முனையும் திறந்த தெரு என்று நான் வற்புறுத்துவதில் இதற்கும் பங்கு உண்டு. இன்று வாட்ச்மேன் வைத்து, கேட் போட்டு, "இன்னாருக்கு மட்டும்" என்று வாய்மொழியாக விற்கப்படுகிற வில்லா குடியிருப்புகளைப் பார்க்கும்போது, பழைய காவல்தான் புதுச் சீருடையில் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

தடைகளைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது பொது விதி, தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்த இடங்களில்தான் விலக்கு. ஆகவே சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்கு முன்கூட்டியே நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். முடியாது என்றால் இரண்டு பக்கமும் குறைந்தபட்ச இடைவெளி விட்டு, முகப்பை மட்டும் ஒரே கோட்டில் கொண்டுவரலாம். தெரு என்ற உணர்வைத் தருவது அந்த முகப்புக் கோடுதான். அடுத்து, வாங்குகிறவர்கள். மூன்று சென்ட், காம்பவுண்டு இல்லை என்றதும் முகம் சுளிப்பார்கள். கார் எங்கே நிறுத்துவது என்பார்கள், கேள்வி நியாயமானது. தெருவின் ஒரு பக்கம் முழுக்க நிறுத்த இடம் விட்டால் 30 அடி போதும், 24 அடி போதாது.

மேற்குப் பக்கம், கருங்கல், திருவட்டார், அருமனை வட்டாரங்களில், நிலம் ஏற்ற இறக்கமாக இருபது சென்டு முப்பது சென்டாகக் கிடக்கிறது. அங்கே இந்தத் தெருவைத் திணிக்க வேண்டாம். விளை விளையாகவே இருக்கட்டும். பின்னால் ஒரு சிறிய வீட்டைக் கட்டி வாடகைக்கு விடலாம், ஒற்றையடிப் பாதையை ஆம்புலன்ஸ் போகிற அளவுக்கு அகலமாக்கலாம். காசு இருந்தால் முக்கில் போடுங்கள்.

முடிவெடுக்கிறவர்களுக்கு

உடனே பணம் தேவை, யாரும் ஊரில் இருக்கப்போவதில்லை என்றால் மனை. ஆனால் ரோட்டின் கடைசி முனையைப் பக்கத்துத் தோப்பின் எல்லைவரை கொண்டுபோய்த் திறந்து வையுங்கள், அந்தத் தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு. மருத்துவமனைக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில், வயதானவர்கள் வருகிற இடம் என்றால் ஃபிளாட், கழிவுநீர் நிலையத்தை ஓட்டும் செலவுக்கு ஆரம்பத்திலேயே வைப்பு நிதி போட்டு. வெறும் கடைவரிசை மட்டும் என்றால் வேண்டாம். வாரிசுகளில் ஒருவராவது அங்கேயே குடியிருக்கப் போகிறார், ஐந்தாறு வருடம் பொறுக்க முடியும் என்றால் தெரு.

வாரிசுகள் ஒத்துவரவில்லை, ஆளுக்கு 25 சென்ட் என்று பாகம் பிரித்துக்கொள்வதே வழி என்றால் இந்த நான்கும் கைவிட்டுப் போகும். ஒவ்வொருவரும் தன் பாகத்துக்குத் தனி வழி கேட்பார், நீளவாக்கில் நான்கு பட்டையாகக் கிழிப்பார்கள், அதன் பிறகு அங்கே எந்தத் தெருவும் வராது. அப்படியானால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் முன்பே சர்வேயரை வைத்து நடுவில் 30 அடிப் பொதுவழியை அளந்து, பின் எல்லைவரை கல் நாட்டி, பத்திரத்திலும் வரைபடத்திலும் ஏற்றிவிடுங்கள். மற்றதைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளலாம்.